சென்னை – டொராண்டோ: அம்மாவுக்கு எந்த வழி தோது?

வரும் ஜூன் மாதம் அம்மா சென்னையிலிருந்து டொராண்டோ வருகிறார். வயது 72, முழங்கால் வலி. ரொம்ப நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் இரவு வரை மறையாது. நேரடி விமானம் இல்லை. எந்த வழியில் டிக்கெட் போடுவது என்பதில்தான் குழப்பம்.

தூரத்தை வரைபடத்தில் அளந்து பார்த்தேன். நேர்கோட்டில் ஏறக்குறைய 13,400 கி.மீ. துபாய் வழியோ பிராங்க்பர்ட் வழியோ, இரண்டுமே 14,000 கி.மீ.யை ஒட்டித்தான் வருகின்றன. ஆனால் துபாய் வழியில் முதல் பயணம் 4 மணி நேரம்தான். அடுத்தது 11,000 கி.மீ., ஒரே மூச்சில் 14 மணி நேரம். பிராங்க்பர்ட் வழியில் சுமார் 10, அப்புறம் எட்டரை என்று பிரிகிறது.

டிக்கெட் தளங்களில் மொத்த நேரம்தான் பெரிதாகத் தெரிகிறது. கோடையில் டொராண்டோ சென்னையைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் என்பதால், இறங்கும் நேரத்தை வைத்தும் கணக்கு பிடிபடாது. பயண முகவரிடம் கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார். மருத்துவர் அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லியிருக்கிறார். சக்கர நாற்காலி உதவி கேட்டுத்தான் டிக்கெட் போடப்போகிறேன். கட்டண வித்தியாசம் பரவாயில்லை.

கால் வீக்கம் உள்ள பெரியவர்களை இந்த வழிகளில் அழைத்து வந்தவர்கள் சொல்லுங்கள்: இரண்டில் எது அவர்களுக்குச் சிரமம் குறைவாக இருந்தது?