முதுமை பற்றிய சொந்தக் கட்டுரைகள்: திருத்துவது, அனுப்புவது, புத்தகமாக்குவது எப்படி?

அந்திமல்லி (மயிலாப்பூர்):
எல்லாருக்கும் வணக்கம். வயதாவதைப் பற்றி 22 கட்டுரைகள் கைவசம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 700 முதல் 1000 சொல் வரும். பாதி நோட்டில், பாதி போனில் பேசிப் பதிந்தவை. பத்திரிகைக்கு அனுப்பும் முன் எப்படித் திருத்துவது? புத்தகமாகப் போட்டால் எத்தனை பக்கம் வரும், ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? மகன், மருமகள் எல்லாரும் கட்டுரைகளில் வருகிறார்கள். பழைய சினிமாப் பாட்டு வரிகளும் நிறைய இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்பு (திருவல்லிக்கேணி):
வணக்கம் அம்மா. திருத்துவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டுரையை 14 பாயிண்டில் தாளில் அச்செடுங்கள். போன் திரையில் பிழை கண்ணுக்குப் படாது. சிவப்புப் பேனாவால் ‘முதுமை’, ‘தனிமை’, ‘அந்தக் காலத்தில்’, ‘இன்றைய தலைமுறை’ ஆகியவை வரும் இடங்களை வட்டமிடுங்கள். பெரும்பாலும் அங்கேதான் ஒரு பொருளோ உடம்போ இருந்திருக்க வேண்டும், அதன் இடத்தில் இந்தச் சொல் உட்கார்ந்திருக்கும்.

ஓய்வூதியத்துக்கு வாழ்வுச் சான்று (உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான சான்று) கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வயதானால் கைரேகைகூட நம்மைக் கைவிடுகிறது’ என்று எழுதினால் படிப்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அதற்குப் பதில் காட்சியை எழுதுங்கள்: ஒரு பாட்டி கட்டைவிரலைக் கைரேகைக் கருவியில் வைக்கிறார், பச்சை விளக்கு எரியவில்லை. புடவைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைக்கிறார். ‘பாட்டி, நல்லா அழுத்துங்க’ என்கிறான் கவுன்ட்டர் பையன். அழுத்த அழுத்த ரேகை பரவி இன்னும் மங்குகிறது. காலமெல்லாம் பாத்திரம் தேய்த்த விரல், ரேகையின் மேடு தேய்ந்துவிட்டது. தோலும் வறண்டு நெகிழ்வு குறைந்திருக்கிறது. இதை எழுதிவிட்டால் ‘முதுமை’ என்ற சொல்லே வேண்டாம். அந்த விரலோடு கட்டுரையை முடித்துவிடலாம்.

முதல் பத்தியை மூடிவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பாதிக் கட்டுரைகளில் முதல் பத்தி வெறும் முன்னுரையாக இருக்கும், வெட்டிவிடலாம். கடைசிப் பத்தியில் அறிவுரை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். 1000 சொல் 750 ஆகும், கட்டுரை நிமிரும்.

பேசிப் பதிந்தவற்றில் முற்றுப்புள்ளி இருக்காது, ஒற்று விடுபட்டிருக்கும், ‘பல்லி’யும் ‘பள்ளி’யும் இடம் மாறியிருக்கும். பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்கும். ‘சொல்லிட்டு’ என்று தொடங்கி ‘சென்றேன்’ என்று முடியும். உரையாடலுக்குள் பேச்சு வழக்கு, வெளியே எழுத்து வழக்கு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. ஒரே நாளில் இரண்டு கட்டுரைக்கு மேல் பிழை பார்க்காதீர்கள். கண் அலுத்தால் மூளை தானே சரியான எழுத்தைப் போட்டுப் படித்துவிடும்.

தென்றல்வீதி (அடையாறு):
அனுப்புவதைப் பற்றி. யூனிகோடில் (எந்தக் கணினியிலும் போனிலும் படிக்க வரும் எழுத்து முறை) வேர்ட் கோப்பாக அனுப்புங்கள். பி.டி.எஃப், கையெழுத்துப் பிரதியின் போட்டோ இரண்டும் வேண்டாம், ஆசிரியர் குழுவில் யாராவது திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டிவரும். மின்னஞ்சல் தலைப்பில் கட்டுரையின் பெயரும் சொல் எண்ணிக்கையும் இருக்கட்டும். ‘வேறெங்கும் வெளிவராதது’ என்று ஒரு வரி, கீழே முகவரியும் போன் எண்ணும். ஃபேஸ்புக்கில் போட்டதைப் பல ஆசிரியர்கள் வெளிவந்ததாகவே கணக்கில் எடுப்பார்கள். ஒரு கட்டுரை ஒரு சமயத்தில் ஒரே இடத்துக்குத்தான். மூன்று மாதம் பதில் வராவிட்டால், திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். அக்டோபர் 1 உலக முதியோர் நாள். அதையொட்டி வர வேண்டுமென்றால் மாத இதழுக்கு ஜூலையிலேயே போய்ச் சேர வேண்டும்.

பாட்டு வரிகள்: பாடலாசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1990இல் மறைந்தவர் என்றால் 2050 முடியும் வரை. பாரதியார் பாடல்களுக்குத் தடையில்லை, 1949இலேயே நாட்டுடைமை, அதாவது மக்களின் பொதுச் சொத்து, ஆகிவிட்டன. மற்றவற்றில் வரியைப் போடாமல் பாட்டின் பெயரையும் அது எந்த ரேடியோவில், எந்த அறையில் கேட்டது என்பதையும் எழுதுங்கள். பெயர் சொல்ல யார் அனுமதியும் வேண்டாம்.

குடும்பத்தார் விஷயத்தில் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. வீட்டில் ஒரே மருமகள் என்றால் ‘மருமகள்’ என்ற சொல்லே அடையாளம். அவர்கள் வரும் பத்தியை மட்டுமாவது அச்சுக்கு முன் படிக்கக் கொடுங்கள். பிறருடைய நோய், கடன், மணமுறிவு சம்மதமில்லாமல் வேண்டாம்.

டெமிசைஸ் (ராயப்பேட்டை):
புத்தகக் கணக்கு. 22 கட்டுரை, சராசரி 850 சொல் என்றால் 18,700. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள், அதனால் எழுத்து 13 பாயிண்டுக்குக் குறைய வேண்டாம். டெமியில் (வழக்கமான புத்தக அளவு) பக்கத்துக்கு 170 சொல் பிடிக்கும், 110 பக்கம். முன்பக்கங்கள், கட்டுரை முடிவில் விடும் காலியிடம் சேர்த்து 128. ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் 16 பக்கத் தொகுதிதான் ஃபார்ம், 128 சரியாக எட்டு ஃபார்ம். 131 ஆகிவிட்டால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபார்ம் ஓட்ட வேண்டும், இரண்டு பத்தியை வெட்டுவது மேல். தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு) நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ, லேசான பழுப்பு நிறத் தாள். பளீர் வெள்ளை கண்ணைக் கூசும். அட்டை 300 ஜி.எஸ்.எம்.

100 பிரதி போதும் என்றால் டிஜிட்டல். ஆஃப்செட்டில், அதாவது அச்சுத் தகடு வைத்து அடிப்பதில், அந்தத் தகட்டுச் செலவு 100க்கும் 500க்கும் ஒன்றுதான், அதனால் 300க்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும். நந்தனம் புத்தகக் காட்சிக்கு வர வேண்டுமென்றால் அக்டோபருக்குள் கோப்பை முடித்துக் கொடுங்கள். டிசம்பரில் அச்சகங்கள் நிரம்பி வழியும், அவசரத்தில் முதலில் அடிபடுவது மெய்ப்புதான், அதாவது அச்சுக்கு முன் பிழை பார்ப்பது.

ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ‘நிரந்தரமாக’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு தனித்தனியாக எழுதப்பட வேண்டும். பணம் கேட்கிற பதிப்பகம் என்றால் எத்தனை பிரதி, விற்காதவை யாருக்கு, பக்க வடிவமைப்புக் கோப்பு யாரிடம் என்று எழுத்தில் வாங்குங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற புத்தக அடையாள எண்ணை அரசு இலவசமாகவே தருகிறது, அதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். நீங்களே பதிப்பாளர் என்றால், வெளிவந்த 30 நாளுக்குள் எழும்பூர் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்புவதும் உங்கள் பொறுப்பு.

அந்திமல்லி:
மிக்க நன்றி. டி.டி.பி. கடையில் (கணினியில் பக்கம் வடிவமைக்கும் கடை) யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டுக்கு மாற்றித்தான் செய்வோம் என்கிறார்கள். பரவாயில்லையா?

டெமிசைஸ்:
இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடிலேயே செய்யும் கடை கிடைத்தால் அங்கே போங்கள். மாற்றும்போது மேற்கோள் குறி தொலையும், ‘ஸ்ரீ’ உடையும், கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். வேறு வழியில்லை என்றால் மாற்றிய பிறகு ஒரு முழு மெய்ப்புப் பாருங்கள், முன்பு பார்த்தது செல்லாது. அச்சுக்கு முன் ஒரே ஒரு டம்மி (மாதிரி) பிரதி பைண்டிங்கோடு கேட்டு வாங்கி, 64ஆம் பக்கத்தை விரியுங்கள். உள் ஓரம் 20 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். கை வலிக்கிறவர் அதை அழுத்திப் பிடித்துப் படிக்க முடியாது.