13 வயசுப் பிள்ளை, ப்ரோ ரெனிஸ்: யாழ்ப்பாணத்தில இருந்து எப்பிடித் திட்டம் போடுறது?

வடமராட்சியான்

வணக்கம். அண்ணாவின்ர மகளுக்கு வாற ஒக்டோபரில 14. 16 வயசுக்குக் கீழ்ப்பட்ட தேசியப் போட்டியில காலிறுதி வரைக்கும் வந்திருக்கிறாள். ப்ரோவுக்குப் போகலாம் எண்டு கோச் சொல்லுறார். வீட்டில ஒருத்தருக்கும் இந்த ஐடிஎஃப், ஜே30, டபிள்யூ15 ஒண்டும் விளங்கேல்லை. எங்க இருந்து தொடங்கிறது? பரிசுக் காசில செலவைச் சமாளிக்கலாமோ? ஓ/எல் வருது, படிப்பை என்ன செய்யிறது? பயிற்சி முழுக்க சீமெந்துக் கோர்ட்டிலதான், அது பிரச்சினையோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பேஸ்லைன்

முதலில் காசுக் கணக்கைப் பாருங்கள். மற்றக் கேள்விகளுக்கு விடை அதிலிருந்துதான் வரும்.

பெண்கள் ப்ரோ சுற்றின் ஆகக் கீழ்ப்படி டபிள்யூ15. மொத்தப் பரிசு 15,000 டொலர். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் கையில் வருவது 156 டொலர், காலிறுதியில் தோற்றால் 438. இதிலும் போட்டி நடக்கிற நாடு வரி கழிக்கும். பிரதான சுற்றுக்குள் நுழைய முதலில் ஆடுகிற தகுதிச் சுற்றோடு வெளியேறினால் பரிசே இல்லை, கட்டின நுழைவுக் கட்டணம் போனதுதான். துனிசியாவின் மொனாஸ்தீர், எகிப்தின் ஷாம் எல் ஷேக், துருக்கியின் அன்தாலியா போன்ற இடங்களில் வாரத்துக்கு வாரம் இந்தப் போட்டிகள் நடக்கும். அங்கே மூன்று வாரம் தங்கி மூன்றிலும் காலிறுதிக்கு வந்தாலும் 1,314 டொலர். கொழும்பிலிருந்து பிள்ளையும் கூடப் போகிறவரும் போய்வரும் விமானக் காசுக்கே அது பெரும்பாலும் காணாது. ஹோட்டல், சாப்பாடு வேறு.

2013 ஆம் ஆண்டுக் கணக்குகளை வைத்து, உலக ரெனிஸை நடத்துகிற அமைப்பான ஐடிஎஃப் ஓர் ஆய்வு செய்தது. கோச்சின் செலவைச் சேர்க்காமலே, வரவும் செலவும் சமப்படுகிற இடம் பெண்களில் 253 ஆம் தரம், ஆண்களில் 336 ஆம் தரம் என்று வந்தது. அதற்குக் கீழே ஆடுகிறவர்கள் கைக்காசு போட்டுத்தான் ஆடுகிறார்கள்.

அதோடு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. 14 வயது முடியுமுன் பெண்கள் ப்ரோ போட்டியே ஆட முடியாது. 14 இல் வருடத்துக்கு 8 போட்டி, 15 இல் 10, 16 இல் 12, 17 இல் 16. தரவரிசையில் மேலே வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். ஜூனியர் போட்டிகள் இந்த எண்ணிக்கையில் சேராது. ஆகவே உங்கள் பிள்ளைக்கு அடுத்த நாலு வருடம் ஐடிஎஃப் ஜூனியர் சுற்றுத்தான் பிரதானம். கையில் இருக்கிற 8 ப்ரோ வாய்ப்பையும் முதல் வருடமே செலவழிக்க வேண்டியதில்லை.

ஜூனியர் சுற்று 13 வயதில் திறந்து, 18 ஆகிற வருடத்தின் டிசம்பரோடு மூடும். போட்டிகளின் படிகள் ஜே30, ஜே60, ஜே100, ஜே200, ஜே300, ஜே500, அதற்கு மேல் கிராண்ட் ஸ்லாம் ஜூனியர். எண் என்பது வென்றவருக்குக் கிடைக்கும் புள்ளி. ஜே30 இல் வென்றால் 30, இறுதியில் தோற்றால் 18, அரையிறுதி 9, காலிறுதி 5, கடைசிப் 16 பேருக்குள் வந்தால் 2. முதல் சுற்றில் தோற்றால் பூச்சியம். 52 வாரத்தில் புள்ளி உதிர்ந்துவிடும்.

தரவரிசைக்கு எடுப்பது மிகச் சிறந்த ஆறு ஒற்றையர் முடிவுகளும், மிகச் சிறந்த ஆறு இரட்டையர் முடிவுகளின் காற்பங்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒற்றையரில் முதல் நாளே தோற்றுவிட்டு வீடு திரும்புகிற பிள்ளை, கட்டின காசில் பாதியை விட்டுவிட்டு வருகிறது. ஜோடி சேர ஆளைப் போட்டிக்குப் போகமுதலே பேசி வையுங்கள். அங்கே போய்த் தேடினால் மிஞ்சினவர்தான் கிடைப்பார்.

ஆறு முடிவுதான் கணக்கு என்பதால் வருடம் முழுக்க ஓடவும் தேவையில்லை. முதல் வருடத்துக்கு 8 முதல் 10 ஜூனியர் போட்டி, இரண்டு மூன்று வாரத் தொகுதிகளாக, ஒவ்வொரு தொகுதிக்கும் இடையில் குறைந்தது ஐந்தாறு வாரப் பயிற்சி என்று வையுங்கள். நல்ல முடிவு வந்த இடத்தை விட்டு உடனே ஜே100 க்குத் தாவினால் தகுதிச் சுற்றிலேயே மாதங்கள் போய்விடும். ஜே30 இல் கிரமமாக அரையிறுதிக்கு வருகிற வரை மேலே போகவேண்டாம்.

நுங்கம்பாக்கம் ரசிகை

சென்னையிலிருந்து எழுதுறேன். மேல சொன்ன கணக்கு சரிதான். ஆனா 15 வயசுல ப்ரோ ஆடுறது நடக்காத விஷயம்னு நினைச்சுடாதீங்க. கோயம்புத்தூர் பொண்ணு மாயா ராஜேஸ்வரன் 2025 பிப்ரவரியில மும்பை டபிள்யூடிஏ 125 போட்டியில (டபிள்யூ15-ஐ விட ரொம்ப மேல் படி) தகுதிச் சுற்றுல ஆரம்பிச்சு அரையிறுதி வரைக்கும் வந்தாங்க. அப்போ வயசு 15. அரையிறுதியில ஜில் டைக்மன்கிட்ட தோத்தாங்க. முதல் டபிள்யூடிஏ புள்ளிகளே அங்கதான் கிடைச்சுது. டபிள்யூ15-ல வென்றா 15 புள்ளி, இறுதி 10, அரையிறுதி 6, காலிறுதி 3, அதுக்கு முந்தின சுற்று 1. தரவரிசைப் பட்டியல்ல பேர் வரணும்னா மூணு போட்டியிலயாவது புள்ளி எடுக்கணும், இல்லன்னா மொத்தம் 10 புள்ளி வேணும். அவங்களுக்கு ஒரே வாரத்துல பட்டியல் திறந்துடுச்சு.

ஆனா அந்த மாதிரி வாய்ப்பு சொந்த ஊர்ல போட்டி நடக்கிறவங்களுக்குத்தான் அதிகம். இலங்கைப் பிள்ளைக்கு வைல்ட் கார்டு (தரம் பார்க்காம போட்டி நடத்துறவங்க தர்ற இடம்) கிடைக்கிற இடம் கொழும்புதான். அதனால உங்க தேசியத் தரவரிசையை விட்டுடாதீங்க. ஜூனியர் தரம் இல்லாத பிள்ளையோட பேரை பட்டியல்ல ஏத்துறதுக்கும் அது உதவும்.

சென்னை உங்களுக்குப் பக்கம். பலாலியிலிருந்து நேரா விமானம் இருக்கு, ஒன்றேகால் மணி நேரம். ஓடுறது ஏடிஆர் சின்ன விமானம், பொதி எல்லை குறைவா இருக்கும். ராக்கெட் பையோட எடையையும் சேர்த்துப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. இங்க கோர்ட் பெரும்பாலும் ஹார்ட், சிமெண்ட்ல வளர்ந்த பிள்ளைக்கு ஒத்துவரும். ஒரு எச்சரிக்கை: இந்திய ஜே30-ல உள்ளூர்ப் பிள்ளைங்க கூட்டம் ஜாஸ்தி, தகுதிச் சுற்றே கடுமையா இருக்கும். இங்க ரெண்டு ஆட்டம் ஜெயிக்கிறது சின்ன நாடுகள்ல அரையிறுதிக்குப் போறதைவிடக் கஷ்டம்னு சொல்லுவேன்.

ஸ்ட்ரிங் மாஸ்ரர்

சீமெந்துக் கோர்ட் கேள்விக்கு ஒருத்தரும் கை வைக்கேல்லை, அதுக்கு நான் சொல்லுறன்.

கொழும்பில மாக்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில இருக்கிற இலங்கை ரெனிஸ் சங்கத்தின்ர கோர்ட்டுகள் களிமண். சீமெந்தில பந்து தாழ்வா வேகமா வழுக்கிக்கொண்டு வரும், சின்னச் சின்ன அடி வச்சு நிப்பாட்டி அடிக்கலாம். களிமண்ணில பந்து தயங்கி மேல எழும்பும், பிள்ளை தோளுக்கு மேல அடிக்க வேண்டி வரும், சறுக்கிப் போய்த்தான் நிக்கேலும். சீமெந்துப் பழக்கத்தில காலை ஊண்டி நிப்பாட்டப் பாத்தா கவட்டுத் தசையும் கணுக்காலும்தான் போகும். கொழும்பில போட்டி எண்டா நாலைஞ்சு நாள் முன்னுக்குப் போய்ப் பழகோணும். சப்பாத்தும் வேற, அடியில மீன்முள்ளு மாதிரி நெருக்கமா வரி இருக்கிறது. பொயின்ற் முடிய ராக்கெட்டால சப்பாத்தைத் தட்டி மண்ணை உதிர்க்கப் பழக்குங்கோ, இல்லாட்டி வரியுக்க மண் அடைஞ்சு சறுக்கும்.

உடம்பு. வளர்ற வயசில ஒரு கிழமைக்கு விளையாடுற மணித்தியாலம் வயசை மிஞ்சக்கூடாது எண்டு விளையாட்டு வைத்தியர்கள் சொல்லுறவை. 13 வயசெண்டா 13 மணித்தியாலம். அதுக்குமேல போகப்போக அளவுக்கு மிஞ்சின பாவிப்பால வாற காயம் கூடும். சீமெந்தில இன்னும் கவனம். முக்கியமா சேர்வ். கிக் சேர்வுக்கு (பந்தைச் சுழட்டி மேல எழும்ப வைக்கிற சேர்வ்) முதுகை வளைச்சு வளைச்சு அடிக்க, நாரிப் பக்க முள்ளந்தண்டெலும்பில மெல்லிய வெடிப்பு வரலாம். பின்னுக்கு வளையேக்க ஒரு பக்கமா நோகுது எண்டு பிள்ளை சொன்னா, எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காம வைத்தியரிட்ட காட்டுங்கோ. உயரம் திடீரெண்டு கூடுற மாசங்களில சேர்வ் எண்ணிக்கையைக் குறையுங்கோ.

ராக்கெட் நரம்பு (ஸ்ட்ரிங்) விசயத்தில பெரிய ஆக்களைப் பாத்து முழுக்க பொலியெஸ்ரர் போடவேண்டாம். நெடுக்கில பொலி, குறுக்கில மல்ரி (கன மெல்லிய நார் சேர்ந்த மெதுவான நரம்பு), 22 முதல் 24 கிலோ இழுவை காணும். பொலி அறாமலே செத்துப்போகும். 10, 15 மணித்தியாலம் விளையாடினாப் பிறகு இழுவை போய்ப் பந்து கண்டபடி பறக்கும், பிள்ளை தன்ர அடி பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சு அடியை மாத்தும், அங்கதான் கை நோத் தொடங்கிறது. 200 மீற்றர் ரீல் எடுத்தா மலிவு, ஒரு ராக்கெட்டுக்கு 12 மீற்றர் வைச்சா 16 தரம் போடலாம். ரெண்டு மூண்டு குடும்பம் சேர்ந்து ஸ்ட்ரிங் போடுற மெசின், பாரம் விழுற வகை ஒண்டு வாங்கினா இன்னும் லாபம். அதில இழுக்கேக்க பாரத்தடி தரைக்குச் சமாந்தரமா நிக்கோணும். சரிஞ்சு நிண்டா இழுவை ஒவ்வொரு இழைக்கும் வேற வேறயா வரும். போட்டிக்கு ஒரே மொடல், ஒரே நிறை, மூண்டு ராக்கெட், மூண்டும் புதுசாப் போட்டது. வெளிநாட்டில ஒரு ராக்கெட் போடுறதுக்கு டொலரில கேப்பாங்கள்.

வெயிலுக்கு வெறும் தண்ணி காணாது. ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) பக்கெற்றில போட்டிருக்கிற அளவு தண்ணியில கரைச்சுக் கொடுங்கோ.

வடமராட்சியான்

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விசயம் மிச்சம். பேர் பதியிறது எப்பிடி? ஜூனியர் தரம் வந்தா அதால ப்ரோவுக்கு என்ன லாபம், இல்லாட்டி அமெரிக்காவில படிக்கப் போறதுக்குத்தானோ?

பேஸ்லைன்

இரண்டுக்கும்தான். ஜூனியர் உலகத் தரத்தில் முதல் 100 க்குள் வந்தால் கீழ்ப்படி ப்ரோ போட்டிகளின் பிரதான சுற்றில் ஜூனியர்களுக்கென ஒதுக்கிய இடங்களில் நுழையலாம். தகுதிச் சுற்று ஆடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து போகிற பிள்ளைக்கு அது கடினமான இலக்கு, ஆனால் கண்முன் இருக்க வேண்டிய இலக்கு.

100 க்குள் வராவிட்டாலும் தரமும் யூடிஆர் எண்ணும் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும். யூடிஆர் என்பது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டுகிற, 1 முதல் 16.5 வரை போகிற அளவுகோல். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மேல்மட்டமான முதல் பிரிவுப் பெண்கள் அணிகளில் ஆடுகிறவர்கள் ஏறக்குறைய 8 க்கு மேல் இருப்பார்கள். இதை இரண்டாந்தர வழி என்று எண்ணவேண்டாம். அமெரிக்க ஆட்டக்காரிகள் டானியெல் கொலின்ஸ், எம்மா நவாரோ இருவரும் வேர்ஜீனியா பல்கலைக்கழக அணியில் ஆடி, என்சிஏஏ (அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு) பட்டம் வென்ற பிறகுதான் முழுநேரம் சுற்றுக்கு வந்தார்கள். கொலின்ஸ் 2022 அவுஸ்திரேலிய ஓப்பன் இறுதிக்கும், நவாரோ 2024 யூஎஸ் ஓப்பன் அரையிறுதிக்கும் போனார்கள். கோச், கோர்ட், மருத்துவம், பயணம் எல்லாம் பல்கலைக்கழகச் செலவில் நாலு வருடம் கிடைப்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன விசயமில்லை.

ஓ/எல்லை விட்டுவிடவேண்டாம் என்பதும் இதனால்தான். என்சிஏஏ 9 ஆம் வகுப்பிலிருந்து 16 அடிப்படைப் பாடங்களைப் பார்க்கும். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் மூன்றிலும் பெறுபேறு வேண்டும். பள்ளி முடிந்த பிறகு ஆறு மாதத்துக்கு மேல் போட்டி ஆடிக்கொண்டு சேருவதைத் தள்ளிப்போட்டால் ஆடத் தகுதியான காலம் குறையும். ஏ/எல் பெறுபேறு பிந்தி வருகிற எங்கள் நாட்டில் இது பலருக்கு இடிக்கும், பல்கலைக்கழகக் கோச்சிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கோச்மார் 10 ஆம் வகுப்பு முடிந்த ஜூன் 15 க்குப் பிறகுதான் பதில் எழுதலாம். பிள்ளை எப்போதும் எழுதலாம். வெட்டின சிறப்புக் காட்சிகளோடு ஒரு முழு செற்றையும் வெட்டாமல் அனுப்பினால்தான் பார்ப்பார்கள்.

பதிவுக்கு முதலில் ஐபின் எனும் ஐடிஎஃப் ஆட்டக்காரர் இலக்கம் எடுக்க வேண்டும். ஐடிஎஃப் தளத்தில் பிள்ளையின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளோடு அப்படியே போடுங்கள். முதலெழுத்துக் குழப்பத்தால் விசாக் கடிதம் பொருந்தாமல் போவது அடிக்கடி நடக்கும். ஒரே வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் பெயர் கொடுக்கலாம், ஆனால் விலகுவதற்கான கடைசி நேரத்துக்கு முன் ஒன்றைத் தவிர மற்றவற்றிலிருந்து விலகிவிட வேண்டும். அந்த நேரம் போட்டி வாரத் திங்களுக்கு 13 நாள் முந்திய செவ்வாய், கிரீன்விச் 14:00. எங்கள் நேரம் இரவு 7:30. அதைத் தவறவிட்டுப் போகாமல் இருந்தால் ஒழுங்கு விதியில் மாட்டுப்படுவீர்கள். விமான ரிக்கெற்றை ஏற்றுக்கொள்ளப்பட்டோர் பட்டியல் வந்தபின் எடுங்கள்.

இந்திய விசாவுக்கு யாழ்ப்பாணத்திலேயே துணைத் தூதரகம் இருக்கிறது. போட்டி ஆடப் போவதற்கு எந்த வகை விசா என்று அங்கே கேளுங்கள், சுற்றுலா என்று போட்டுவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கவேண்டாம். தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் கூடப் போவதென்றால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

ஊக்கமருந்துச் சோதனை ஜூனியர்களுக்கும் உண்டு. தடிமனுக்கு வாங்குகிற குளிசையில் எபெட்ரின் வகை இருக்கலாம். சேர்மானம் எழுதாத சூரணம், லேகியம், உடம்பு தேற்றுகிற மா எல்லாம் ஆபத்து. மருந்து எழுதும்போதே பிள்ளை சோதனைக்கு உட்படுகிற ஆட்டக்காரி என்று வைத்தியருக்குச் சொல்லுங்கள், பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள்.

ஸ்ட்ரிங் மாஸ்ரர்

தகுதிச் சுற்று ஆடுற பிள்ளை எண்டா அது தொடங்கிறதுக்கு முதல் நாள் பின்னேரம் நேரில போய்க் கையெழுத்து வைக்கோணும். அந்த நேரம் போட்டித் தகவல் தாளில கிடக்கும். கொழும்புப் போட்டிக்கு இரவு பஸ் ஏறி விடிய இறங்கினா அது எப்பவோ முடிஞ்சிருக்கும், ஒரு நாள் முந்தியே வெளிக்கிடுங்கோ.