ஊசி கேலக்ஸியிலிருந்து பார்த்தால் நாமும் கோடுதானா?

மலைமாடி கேட்டது:
போன அமாவாசைக்கு ஜவ்வாது மலையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் 8 இன்ச் டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்து ஊசி கேலக்ஸி எனப்படும் என்ஜிசி 4565-ஐ ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். கோமா விண்மீன் மண்டலத்து 17 காமே நட்சத்திரத்திலிருந்து கிழக்கே ஒன்றே முக்கால் டிகிரி தள்ளினேன். நேராகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கண்ணைச் சற்று விலக்கி ஓரப் பார்வையில் பார்த்ததும், வாழைநாரைக் கிழித்துப் போட்ட மாதிரி சாம்பல் கோடு. நடுவில் மட்டும் லேசான புடைப்பு. உடம்பு சிலிர்த்துவிட்டது.

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். ஸ்டூலில் ஏறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, அங்கிருந்து பார்த்தா நாமளும் இப்படிக் கோடாத்தான் தெரிவோமா?" ஆமாம் என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படங்களில் நடுவே ஓடும் கறுப்புக் கோடும் எனக்குத் தெரியவில்லை. என்ன ஐபீஸ் (கண்ணருகே வைக்கும் லென்ஸ்) போடணும்?

பத்து இன்ச் பதில்:
25 எம்எம் ஐபீஸ் போட்டிருந்தால் எடுத்துவிட்டு 10 எம்எம் போடுங்கள், கேலக்ஸி உச்சிக்கு வரும்வரை காத்திருங்கள். 8 இன்ச்சில் கஷ்டம்தான், ஆனால் நல்ல இருட்டில் கறுப்புக் கோடு புடைப்பின் குறுக்கே பிடிபடும். அது இடைவெளி இல்லை, தூசி. பின்னாலிருக்கும் நட்சத்திரங்களை மறைக்கிறது. கேலக்ஸி மிகச் சரியாகப் பக்கவாட்டில் இல்லாமல் மூன்று நான்கு டிகிரி சாய்ந்திருப்பதால், தூசிக் கோடு மையத்தின் மேலேயே போகாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும்.

வடதுருவம் பதில்:
பாப்பா கேட்டது அருமையான கேள்வி. பதில்: இல்லை! நம் பால்வெளியின் வடதுருவம் அதே கோமா மண்டலத்தில்தான், அந்த ஊசிக்கு மூன்றரை டிகிரி பக்கத்தில் இருக்கிறது. அதாவது தட்டு மாதிரி இருக்கும் நம் பால்வெளியிலிருந்து செங்குத்தாக மேலே பார்க்கிறோம். அங்கிருந்து பார்ப்பவருக்கு நம் முழு வட்டமும் சுருள் கைகளோடு விரிந்து தெரியும். ஒரு சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, இன்னொன்றை அதற்கு நேர் மேலே நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், புரிந்துவிடும். சுமார் 4 கோடி ஒளியாண்டு தூரம் என்பதால் அவர்கள் பார்ப்பது 4 கோடி ஆண்டுக்கு முந்தைய நம்மை.

இன்னொன்று. 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் இதைக் கண்டபோது சுருள் என்றே தெரியாது. பக்கவாட்டில் கை எங்கே தெரியும்? ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் தூசியை ஊடுருவிப் பார்த்தபோது உள்ளே ஒரு வளையம் தெரிந்தது. புடைப்பும் பெட்டி வடிவம். நடுவில் நட்சத்திரங்களாலான ஒரு நீள்பட்டை (bar) நம் பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதற்கு இவைதான் சாட்சி.

மலைமாடி:
ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு எவர்சில்வர் தட்டில் செய்துகாட்டினேன். கீழ்த்தட்டு பக்கத்தில் தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்த்தாள், எழுந்து மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். "அப்ப நாம முழுசாத் தெரிவோம்" என்றாள். நம்மைப் போல முகம் காட்டும் ஒன்றைப் பார்க்கணுமாம். சப்தரிஷி மண்டலத்து எம்101 கேலக்ஸியை எழுதி வைத்திருக்கிறேன். ஒளி பரவிக் கிடப்பதால் ஊசியைவிடச் சிரமம். அடுத்த அமாவாசைக்கு மேகம் வராமல் இருக்கணும்.