மோன்மொரென்சி வம்சம் 1632-ல் முடிந்ததா இல்லையா?

வேர்தேடி:
பிரான்ஸின் பிரபுக் குடும்பமான மோன்மொரென்சிக்கு வம்சாவளி வரைந்துகொண்டிருக்கிறேன். அதன் டியூக் இரண்டாம் ஆன்ரியை 1632 அக்டோபர் 30 அன்று துலூஸில் சிரச்சேதம் செய்தார்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. அப்படியென்றால் 1695-ல் இறந்த மார்ஷல் லுக்சம்பூர் எப்படி மோன்மொரென்சி ஆனார்? இன்னொன்று: கான்ஸ்டபிள் ஆன் பிறந்த ஆண்டு ஓரிடத்தில் 1492, இன்னோரிடத்தில் 1493. எதை எழுதுவது?

கிளைநூல்:
1632-ல் அற்றது ஒரு கிளை மட்டும்தான், அதுவும் கடைக்குட்டியின் கிளை. வரைபடத்தை ஆனிடமிருந்து தொடங்காமல் அவருடைய தாத்தா இரண்டாம் ழானிடமிருந்து (இறப்பு 1477) தொடங்குங்கள். அவருக்கு முதல் தாரத்தில் இரண்டு மகன்கள்: நிவெல் ழான், ஃபோஸ்ஸோ லூயி. மூத்தவன் பர்கண்டி பிரபு சார்ல் பக்கம் சாய்ந்ததால் தகப்பன் இருவரையும் ஒதுக்கிவிட்டு, இரண்டாம் தாரத்து மகன் கியோமுக்குச் சொத்தைக் கொடுத்தார். அந்த கியோமின் மகன்தான் ஆன்; உங்கள் ஆன்ரி இவர் வழி வந்தவர். (இவர் ஆண். அரசி ஆன் தெ பிரெத்தாஞ் ஞானத்தாய் என்பதால் வந்த பெயர். கான்ஸ்டபிள் என்றால் அரசப் படைகளின் தலைவர், காவலர் இல்லை.)

நிவெல் வழியில் வந்தவர் 1568-ல் பிரஸ்ஸல்ஸில் தலை வெட்டப்பட்ட ஹோர்ன் பிரபு. ஃபோஸ்ஸோ வழியில் பூத்வில் கிளை. வாள்சண்டைத் தடையை மீறியதற்காக 1627 ஜூனில் கொல்லப்பட்ட பூத்வில்லின் மகன்தான் உங்கள் மார்ஷல். தகப்பன் இறந்த பிறகு, 1628 ஜனவரியில் பிறந்தவர். லுக்சம்பூர் என்ற பெயர் 1661-ல் மனைவி வழியாக வந்தது.

வேர்தேடி:
அப்போ ‘மோன்மொரென்சி டியூக்’ பட்டம் பூத்வில் கிளைக்குப் போனதா?

முத்திரை:
அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1551-ல் ஆனுக்காக உண்டான டியூக் பட்டம் ஆன்ரியின் ராஜதுரோகத் தண்டனையோடு போய்விட்டது. 1633-ல் அந்த நிலம் புதிய டியூக் பட்டத்தோடு ஆன்ரியின் அக்கா ஷார்லோத்தின் கணவர் கோந்தே இளவரசருக்குக் கிடைத்தது. 1689-ல் கோந்தே குடும்பம் அந்த இடத்துக்கு ஆங்கியன் என்று பெயர் மாற்றியது (ஆங்கியன்-லெ-பேன் ஊர்ப் பெயர் அதன் எச்சம்). சும்மா கிடந்த பழைய பெயரை மார்ஷலின் மகன் ஷாம்பாஞ் பகுதியில் தான் வாங்கியிருந்த போஃபோர் நிலத்துக்கு வைத்துக்கொண்டார். ஆக, 1689-க்குப் பிந்தைய ‘மோன்மொரென்சி டியூக்’ பட்டத்தைப் பாரிஸ் அருகிலுள்ள மோன்மொரென்சி ஊரோடு சேர்த்தால் வரைபடம் கெட்டது. 1864-க்குப் பிறகு வரும் டியூக்கோ தலைரான்-பெரிகோர் என்ற வேறு குடும்பத்தவர்: தாய்தான் மோன்மொரென்சி, ஆண்வழி அல்ல. பட்டத்துக்கு ஒரு கோடு, ரத்தத்துக்கு ஒரு கோடு என்று இரண்டு நிறத்தில் வரையுங்கள்.

கிளையை அடையாளம் காண கேடயம் உதவும். பொன்நிறப் பின்னணி, சிவப்புச் சிலுவை, 16 நீலக் குஞ்சுக்கழுகுகள்: இது பொது. சிலுவைமேல் 5 வெள்ளிச் சிப்பிகள் இருந்தால் லவால் என்ற இன்னொரு கிளை.

கிளைநூல்:
தேதிக் கேள்வி விட்டுப்போச்சு. இரண்டும் ஒரே நாள்தான். அன்று பிரான்ஸில் ஆண்டு ஈஸ்டரில் பிறக்கும். 1564-ன் ரூசியோன் அரச ஆணைதான் அதை ஜனவரி 1-க்கு மாற்றியது. ஆன் பிறந்தது மார்ச் 15, ஈஸ்டருக்கு முன். பழைய கணக்கில் 1492, இன்றைய கணக்கில் 1493. ஆணைக்கு முந்தைய ஆவணத்தில் ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை எந்தத் தேதி வந்தாலும் ‘1492/93’ என்று இரண்டையும் குறியுங்கள். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிடும்.