ப்ரோப் 74 டிகிரி காட்டியும் கோழித் தொடை பச்சையாக இருக்கிறது, யாராவது உதவுங்கள்

கோவை_சமையற்கட்டு:
எல்லோருக்கும் வணக்கம். புது ஓவனோடு ஒயர் வைத்த ப்ரோப் (கறியின் உள்சூட்டை அளக்கும் கம்பி) ஒன்று வந்தது. கூர்முனையைக் கறியில் குத்திவிட்டு மறுமுனையை ஓவனுக்குள் இருக்கும் துளையில் செருகினால், நாம் வைத்த டிகிரி வந்ததும் ஓவன் தானே நின்றுவிடும். ஒன்றரைக் கிலோ முழுக்கோழி, தயிர் மசாலா தடவி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் ஊறியது, ஓவன் சூடு 190. கையேட்டில் இருந்தபடியே நெஞ்சில் குத்தி 74 வைத்தேன். நெஞ்சுக்கறி நன்றாக வெந்திருந்தது, ஆனால் தொடை உடம்போடு சேரும் இடத்தை வெட்டினால் சதை வழவழவென்று பச்சையாக இருக்கிறது, எலும்பு ஓரம் சிவப்பு வேறு. பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பயந்து மொத்தத்தையும் குக்கரில் போட்டு எடுத்தோம். ப்ரோப் பழுதா? சர்வீஸ்காரரைக் கூப்பிடலாமா?

டொராண்டோ_அண்ணன்:
அவசரப்பட்டுக் கூப்பிடாதீர்கள் சகோதரி. ஒரு டம்ளர் நிறைய ஐஸ் கட்டியைப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, ப்ரோப் முனை டம்ளரைத் தொடாமல் நடுவில் பிடியுங்கள். 0 அல்லது அதை ஒட்டி ஒரு டிகிரி முன்பின் காட்டினால் ப்ரோப் சரி. கொதிக்கிற தண்ணீரிலும் பார்க்கலாம், 100 வர வேண்டும்.

ஊட்டிக்காரன்:
100 என்பது சமவெளிக்குத்தான் அண்ணா. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல், இங்கே தண்ணீர் 92, 93-லேயே கொதித்துவிடும். மலையில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு நல்ல ப்ரோபைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. ஐஸ் சோதனை எந்த ஊருக்கும் பொருந்தும்.

கோவை_சமையற்கட்டு:
ஐஸில் 0 காட்டுகிறது, கொதிநீரில் 99. அப்படியென்றால் தொடை ஏன் வேகவில்லை?

டொராண்டோ_அண்ணன்:
ப்ரோப் பொய் சொல்லவில்லை, அது தன் முனை இருக்கிற இடத்தின் சூட்டை மட்டும்தான் சொல்லும். முழுக்கோழியில் நெஞ்சு மேலே திறந்து கிடக்கிறது, தொடை மூட்டு உடம்போடு ஒட்டி மறைந்திருக்கிறது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி கடைசியாக விடுவதும் அங்கேதான். அதனால் நெஞ்சு 74 தொட்டபோது தொடை 60-களில் இருந்திருக்கும். அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்கிற 74 டிகிரி எல்லாப் பகுதிக்கும்தான், நெஞ்சுக்கு மட்டும் இல்லை.

இனிமேல் தொடையின் உள்பக்கம், உடம்போடு சேரும் தடித்த இடத்தில் எலும்பைத் தொடாமல் குத்துங்கள். எலும்பில் பட்டால் காட்டுகிற எண்ணை நம்ப முடியாது, வயிற்றுக்குள் துளைத்துவிட்டாலோ உள்ளே இருக்கும் சூடான காற்றின் அளவைத்தான் காட்டும். முனை நடுச்சதையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், பாதி வெந்த பிறகு ப்ரோபைக் கொஞ்சம் ஆழமாகத் தள்ளி, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே எண்ணைப் பாருங்கள். எங்கே குறைவாகக் காட்டுகிறதோ அங்கேயே விட்டுவிடுங்கள். தொடைக்கு 80 வையுங்கள், அந்தச் சதை 74-ல் பாதுகாப்புதான் என்றாலும் கொஞ்சம் ரப்பர் மாதிரி இருக்கும்.

கோவை_சமையற்கட்டு:
தொடை 80 வருவதற்குள் நெஞ்சு வறண்டுவிடாதா?

அடுப்பங்கரை_அக்கா:
வறளும்மா, அதற்கு வழி இருக்கிறது. நிறைய ஓவனில் பின்பக்கம் சூடு அதிகம், கால்களை அந்தப் பக்கம் வை, நெஞ்சு நிறம் மாறியதும் அதன் மேல் மட்டும் ஃபாயில் மூடு. என்னைக் கேட்டால் கறிக்கடையிலேயே முதுகெலும்பை வெட்டி எடுக்கச் சொல்லிவிட்டு, கோழியை விரித்துப் போட்டுச் சுடுவதுதான் நல்லது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வேகும். அப்புறம் எலும்பு ஓரத்துச் சிவப்பைப் பார்த்துப் பயப்படாதே. பிராய்லர் இளங்கோழி, எலும்பு மஜ்ஜையின் நிறம் சதையில் இறங்கும், நன்றாக வெந்த பிறகும் சிவப்பு இருக்கும். நீ சொன்ன வழவழப்புதான் வேகாததற்கு அடையாளம்.

ஊட்டிக்காரன்:
இதே ப்ரோபை வைத்து ஆட்டுத் தொடை செய்ய நினைக்கிறேன். 63 போதும் என்று போட்டிருக்கிறார்களே?

அடுப்பங்கரை_அக்கா:
63 வந்து 3 நிமிடம் ஆறவிட்டால் சாப்பிடப் பாதுகாப்புதான் தம்பி, ஆனால் நம் ஊர் வெள்ளாட்டுத் தொடையை அந்த அளவில் மெல்லவே முடியாது. ஜவ்வு கரைந்தால்தான் கறி எலும்பை விடும், அதற்கு 90 பக்கம் போக வேண்டும். ஓவனை 150-ல் வைத்து, ஃபாயிலால் இறுக்க மூடி, தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மணிக்கணக்கில் விடு. நடுவில் எண் நகராமல் நிற்கிற மாதிரி இருக்கும், சூட்டை ஏற்றிவிடாதே. கடைசியில் மேலே முறுகலுக்கு கிரில் போடுவதானால் அதற்கு முன் ப்ரோபை எடுத்துவிடு, அந்தச் சூட்டை ஒயர் தாங்காது.

கோவை_சமையற்கட்டு:
ரொம்ப நன்றி, அடுத்த கோழியை விரித்துப் போட்டே செய்கிறேன். ப்ரோபை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாமா, மசாலா பிடித்திருக்கிறது.

டொராண்டோ_அண்ணன்:
வேண்டாம். ஒயர் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் எண் தாறுமாறாக ஓடும். ஈரத்துணியில் கொஞ்சம் சோப்பு தொட்டு, கம்பியை மட்டும் துடைத்தால் போதும்.