ரோமியோவும் ஜூலியட்டும்: திருப்புமுனை எந்தக் காட்சி?

கேள்வி (நாடகவாசகன்):
எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஷேக்ஸ்பியரின் இந்த நாடகத்தை உரக்க வாசித்து வருகிறோம். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ தெருச்சண்டையில் சாவதே திருப்புமுனை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் கொள்ளைநோய் அச்சத்தில் பாதிரியார் ஜானை ஒரு வீட்டில் அடைத்து வைக்காமல் இருந்திருந்தால், அவர் கொண்டுபோன கடிதம் மான்டுவாவில் இருக்கும் ரோமியோவிடம் போய்ச் சேர்ந்திருக்கும், காதலர்களும் பிழைத்திருப்பார்கள். அப்படியிருக்க, ஒரு தெருச்சண்டைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில் (கூத்துமேடை):
சண்டை நடந்திராவிட்டால், மெர்குஷியோவைக் குத்திய டிபால்ட்டைக் கொன்று ரோமியோ நாடுகடத்தப்பட்டிருக்க மாட்டான். மான்டுவாவுக்குக் கடிதம் எழுதும் தேவையே வந்திராது. காட்சியைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இரகசியத் திருமணம் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. வம்புக்கு இழுக்கும் டிபால்ட், ஜூலியட்டின் உறவினன் என்பதால், ரோமியோவுக்கு இப்போது மைத்துனன் முறை. எனவே கேப்யுலெட் என்ற அந்தப் பகைக்குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு நிகராக மதிப்பதாக ரோமியோ பணிந்து பேசுகிறான். ஏன் என்பதை மட்டும் அவனால் வாய்திறந்து சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத மெர்குஷியோவுக்கு அந்தப் பணிவு மானக்கேடாகப் படுகிறது, வாளை உருவுகிறான். விலக்கிவிடப் பாய்ந்த ரோமியோவின் கைக்கு அடியில் புகுந்து டிபால்ட் மெர்குஷியோவைக் குத்திவிட்டு ஓடுகிறான். 1597ஆம் ஆண்டுப் பதிப்பின் மேடைக்குறிப்பிலேயே இது இருக்கிறது. ஏன் குறுக்கே வந்தாய் என்று மெர்குஷியோ கேட்க, நல்லதற்கென்றே நினைத்தேன் என்கிறான் ரோமியோ. அதுவரை கேலியும் கிண்டலுமாக, மணவிழாவில் முடியப்போகும் நாடகம்போல ஓடிக்கொண்டிருந்த கதை அந்தப் பதிலோடு நின்றுவிடுகிறது. (சாகும்போதும் மெர்குஷியோ கல்லறையை வைத்துச் சிலேடை பேசுவான், அதைத் தமிழில் கொண்டுவருவது பெரும்பாடு.)

பதில் (பழையஏடு):
ஒன்று சேர்க்கிறேன். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டுக் கவிதையில் மெர்குஷியோ விருந்தில் தலைகாட்டுவதோடு சரி. சண்டையில் அவன் இல்லை. அங்கே ரோமியோ தன்னைக் காத்துக்கொள்ளவே டிபால்ட்டைக் கொல்கிறான். நண்பனின் சாவையும் அதற்குப் பழிவாங்கும் வெறியையும் சேர்த்தவர் ஷேக்ஸ்பியர்தான். மாதக்கணக்கில் நடக்கும் கதையை ஐந்தே நாட்களுக்குள் சுருக்கியவரும் அவரே.

பதில் (அல்லி):
இவையெல்லாம் ரோமியோவின் திருப்புமுனை. ஜூலியட்டுக்கு அது அதே அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் வருகிறது என்பேன். பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையான பாரிஸை மணக்க மறுத்தால் தெருவில் விட்டுவிடுவேன் என்கிறார் தந்தை. தாய் முகம் கொடுக்கவில்லை. பாலூட்டி வளர்த்த செவிலியோ, பாரிஸுக்கு முன் ரோமியோ வெறும் கரித்துணி என்கிறாள். பதினான்கு வயது நிறையாத அந்தப் பெண் அவளிடம் சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, இனி இவளிடம் மனம் திறப்பதில்லை என்று முடிவெடுக்கிறாள்.

நாடகவாசகன்:
மூவர் சொல்வதும் பொருந்துகிறது. அடுத்த வாரம் அந்தச் சண்டைக் காட்சியை எழுந்து நின்றே வாசிக்கப்போகிறோம். ரோமியோ எந்தக் கையை நீட்டுவது என்பதை அதற்குள் முடிவுசெய்ய வேண்டும்.