ஓடாத பழைய ஸ்போர்ட்ஸ் காடிக்கு என்ன விலை கொடுக்கலாம்? பார்த்த காடிகளை வைத்துப் பேசுவோம்

செந்தூல்வாசி:

செந்தூல் பக்கம் ஒரு கடைவீட்டுப் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்திய எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காடி, ஒன்று கிடக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இஞ்சின் ஸ்டார்ட் ஆகுதா?" விலை பேசும்போது அதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். 1798 சி.சி. பி-சீரீஸ் இஞ்சினுக்குப் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றைக்கும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. சிலிண்டர் துளையை (போர்) குடைந்து பெரிசாக்கவும், கிராங்கைத் தேய்த்துக் கொடுக்கவும் கோலாலம்பூரில் லேத் பட்டறைகள் உண்டு. காசைக் குடிப்பது தகரம்.

எம்ஜிபிக்குத் தனி சேசி (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பே சேசி. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லை. அதனால் காடி நடுவில் தொய்யாமல் பிடித்திருப்பது பெரும்பாலும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பாகம்தான். அது ஒரே தகரமும் இல்லை. வெளிச்சில், நடுவில் செங்குத்தாக நிற்கும் தகடு, உள்சில், அடியில் 'காசில் ரெயில்' என்ற தகரம் என்று நாலு துண்டு ஒட்டிய பெட்டி. கண்ணுக்குத் தெரிவது வெளிச்சில் மட்டும். துரு நடுவில் பிறக்கும், வெளியே தெரியும்போது உள்ளே தகடே இருக்காது.

செந்தூல் காடியின் சில் பளபளவென்று இருக்கிறது. அதுதான் முதல் சந்தேகம். அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பில் தகரம் இரண்டு அடுக்காகத் தெரிகிறது, வெல்டிங் புழுப்புழுவாகக் கிடக்கிறது, தண்ணீர் வடியும் துளைகளைக் காணோம். பழைய சில்லை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகரத்தை மூடி அடித்திருக்கிறார்கள். ஒழுங்காகப் போட்ட சில், முன் மட்கார்டுக்கும் பின் மட்கார்டுக்கும் அடியில் நுழைந்து போகும். மூடி அடித்தது மட்கார்டு ஓரத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது கதவு இடுக்கு. கதவின் பின் ஓரத்தில் மேலே 2 மி.மீ., கீழே 8 மி.மீ. மேலும் கீழும் ஒரே அளவாக இருக்க வேண்டிய இடம் அது. மேலே நெருங்கினால் நடு உடம்பு தொய்ந்திருக்கிறது. பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஜாக்கில் மெதுவாகத் தூக்கி, கதவை மூடிப் பாருங்கள். நல்ல உடம்பில் கொக்கி முன்பு போலவே விழும். இந்தக் காடியில் கொக்கி இடித்தது. தொய்ந்த நிலையிலேயே வெல்டு வைத்திருப்பதால், யார் வாங்கினாலும் அந்த வேலை முழுவதையும் அறுத்து எடுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். முதலில் கதவு வாயில் இரும்புச் சட்டம் வைத்துப் பூட்டி, காடியை அதன் சஸ்பென்ஷன் இடங்களில் தாங்கி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக அறுத்தால் காடி வாழைப்பழமாகிவிடும்.

ஜெலுத்தோங் பட்டறை:

அண்ணன் சொன்னது சரி. பினாங்குல இன்னொரு தொல்லை, கடல் காத்து. தார்ப்பாய் போட்டு மூடுறவங்க காடியைக் காப்பாத்துறதா நினைக்கிறாங்க. ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே வேகுது. மேல பெயிண்ட் அப்படியே இருக்கும், அடியில சல்லடை.

ஃபிரிட்ஜ் காந்தம் ஒண்ணைத் துணியில சுத்திக் கொண்டு போங்க. சக்கர வளைவு, கதவு அடிப்பக்கம், கதவுக்குப் பின்னால மட்கார்டு கீழ்மூலை, ஹெட்லேம்ப் சுத்து, இங்கெல்லாம் காந்தம் பிடிப்பு விட்டுப்போச்சுன்னா உள்ள பட்டி (putty) பூசி மறைச்சிருக்கு. ஒரு விஷயம் லா: ஆரம்பகால எம்ஜிபிக்குப் பானெட் அலுமினியம். அங்க காந்தம் ஒட்டலைன்னு பயந்து ஓடாதீங்க, அது நல்ல செய்திதான்.

அடியில புதுசா கருப்பு அண்டர்கோட் அடிச்சிருந்தா, விக்கிறதுக்கு முந்தின வாரம் அடிச்சதுன்னு எடுத்துக்குங்க. ஸ்குரூடிரைவர் பிடியால தட்டினா நல்ல தகரம் கணீர்னு சொல்லும், அழுகினது பொத்துனு சொல்லும். கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்க. மாட்டேன்னா, அதுவே பதில்.

முன் சீட்டுக்குப் பின்னால ஷெல்ஃபுக்கு அடியில பேட்டரிப் பெட்டி. 1974 வரைக்கும் 6 வோல்ட் பேட்டரி ரெண்டு, பக்கத்துக்கு ஒண்ணு. ஆசிட் ஒழுகி அந்தப் பெட்டி ரெண்டும் போயிருக்கும், யாரும் பார்க்கிறதே இல்ல. அது தனியா மலிவு வேலைதான். ஆனா பேட்டரிப் பெட்டியைக்கூடப் பார்க்காத சொந்தக்காரர் வேற எதைப் பார்த்திருப்பார்?

பிரிக்பீல்ட்ஸ்:

தகரத்துக்கு முன்னால் கிராண்டை, அதாவது காடியின் பதிவுப் பத்திரத்தைப் பாருங்கள். நல்ல உடம்பும் தவறான கிராண்டும் சேர்ந்த காடியை வாங்குவதைவிட, அழுகின உடம்பும் சுத்தமான கிராண்டும் மேல் என்பது என் கருத்து.

பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை. அங்கே சேசி எண்ணும் இஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எம்ஜிபியில் சேசி எண் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். ஜி.எச்.என். என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜி.எச்.டி. என்றால் கூரை வைத்த ஜிடி. தகடு பழசு, ரிவெட் மட்டும் புதுசு என்றால் தகடு வேறு உடம்பிலிருந்து வந்திருக்கலாம்.

இஞ்சின் எண் சிலிண்டர் பிளாக்கின் வலப்பக்கம், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டருக்கு மேலே. முன்னெழுத்தே கதை சொல்லும். 1962இல் வந்த முதல் இஞ்சின் 18ஜி, கிராங்குக்கு மூன்று பேரிங். 1964 அக்டோபரில் வந்த 18ஜிபிக்கு ஐந்து பேரிங். 18வி எழுபதுகளுடையது. "1963 காடி, எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி பிளாக்கில் 18வி இருந்தால், ஓடுவதற்கு நல்லதுதான், ஒரிஜினல் விலை கொடுக்கக் கூடாது. கிராண்டில் பழைய எண்ணே இருந்தால் இஞ்சின் மாற்றத்துக்கு ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி, மறுபடி புஸ்பாகோம். அந்தச் செலவும் அலைச்சலும் விற்பவர் பங்கு, அவர் முடித்துக் கொடுத்தபின் பணம்.

உரிமையாளர் இறந்துபோன காடிகள் நிறைய வருகின்றன. மகன் விற்பார், கிராண்டில் அப்பா பெயர். பெயர் மாற்ற விற்பவர், வாங்குபவர் இருவர் ஒப்புதலும் வேண்டும், இறந்தவர் ஒப்புதல் தர முடியாது. வாரிசு உரிமைப் பத்திரம் கையில் வரும் வரை முன்பணம்கூட வேண்டாம். இன்னொன்று, எண்பதுகளில் கடனில் வாங்கிய காடியின் பதிவில் அன்றைய நிதி நிறுவனத்தின் பிடிப்பு இன்னும் நிற்கும். கடன் தீர்ந்து முப்பது வருடமானாலும், அந்த நிறுவனத்தை விழுங்கிய வங்கியிடம் விடுவிப்புக் கடிதம் வாங்கியாக வேண்டும்.

பட்டர்வொர்த்:

வெள்ளம் பார்த்த காடிகளைப் பற்றியும் சொல்லிவிடலாம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர் புகுந்த வீடுகளின் போர்ட்டிகோக்களில் பழைய காடிகளும் நின்றன. சீட்டும் கார்ப்பெட்டும் மாற்றிவிடுவார்கள். மாற்றாத இடங்களைப் பாருங்கள்: ஹெட்லேம்ப் குழியின் அடிமட்டம், சீட் ரெயிலின் உள்பள்ளம், ஹீட்டர் பெட்டி, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் கட்டின் மேல் விளிம்பு. அங்கே மஞ்சள் வண்டல் கோடாகப் படிந்திருக்கும். பிரிட்டிஷ் காடிகளின் ஒயர் இணைப்பு தோட்டா மாதிரி குழாய்க்குள் சொருகுவது. ஒன்றை இழுத்துப் பாருங்கள், பச்சைப் பூஞ்சையாக வந்தால் ஒயர் கட்டு முழுவதும் மாற்ற வேண்டும்.

கம்பி ஆரம் வைத்த ஒயர் சக்கரமா, பின் பக்கத்தைத் தூக்கி ஹேண்ட்பிரேக் போட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டொக்கென்று சத்தம் வந்தால் சக்கரம் ஹப்பில் மாட்டும் பல்வரி தேய்ந்திருக்கிறது. கழற்றிப் பார்க்கும்போது பல் நுனி தட்டையாக இருக்க வேண்டும், கத்தி முனையாக இருந்தால் சக்கரத்தோடு ஹப்பும் சேர்த்துத்தான் செலவு.

ஆயர் ஈத்தாம்:

எம்ஜிபி மட்டுமா? இங்கே அங்சானா மரத்தடியில் கிடந்த டட்சன் 240இசட் என்ற ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காடியின் கணக்கு வேறு. அதில் பிரிட்டிஷ் காடி மாதிரி எல்லாப் பாகத்தையும் கேட்டலாக்கைப் புரட்டி வரவழைக்க முடியாது. ஆகவே என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்று எண்ணுங்கள். பின் விளக்கு, உள் பிளாஸ்டிக், கடிகாரம், ஒரிஜினல் கார்புரேட்டர் ஜோடி. ஒவ்வொன்றும் போனால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கண்ணாடிக்கு முன்னால் காற்று இழுக்கும் கட்டத்துக்குள் இலை விழுந்து மக்கி, வடிகால் அடைபட்டு, மழைத்தண்ணீர் முழுதும் கால் வைக்கும் தளத்துக்கு இறங்குகிறது. பேட்டரித் தட்டுக்குக் கீழே உள்ள ரெயிலுக்கும் (உடம்பைத் தாங்கும் நீளச் சட்டம்) அதே கதி. பேட்டரியைத் தூக்கிவிட்டுத் தட்டை அழுத்துங்கள், கை உள்ளே போனால் அந்தப் பக்க ரெயில் முழுக்கச் செலவு.

இஞ்சின் எல்24, அதாவது 2393 சி.சி. ஆனால் பிளாக்கில் எல்28 என்று இருக்கும் காடிகள் நிறைய, வெளி அளவு ஒன்றாக இருப்பதால் அப்படியே உட்கார்ந்துவிடும். 'ஹாஃப் கட்', அதாவது பாதியாக வெட்டி இறக்குமதியான பழைய காடியில் வந்த வேறு ஜப்பான் இஞ்சின் ஏறிய காடியும் உண்டு. ஓட்டுபவருக்கு லாபம், சேகரிப்பவருக்கு நஷ்டம். வலப்பக்க ஸ்டியரிங் ஏற்றுமதிக் காடிக்குச் சேசி எண் எச்.எஸ்.30 என்று தொடங்கும், இஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவில் உள்ள தகரச் சுவரில் அடித்திருக்கும். அதைச் சுற்றி வெல்டு தடம் இருந்தால் பேச்சை நிறுத்திவிடலாம்.

செந்தூல்வாசி:

இஞ்சினை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு. ஒதுக்கவில்லை. ரொம்ப நாள் நின்ற இஞ்சினுக்கு ஸ்டார்ட்டர் போட விடாதீர்கள், பிஸ்டன் வளையம் துருவோடு ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். பிளக் நான்கையும் கழற்றி, துளைக்கு ஒரு தேக்கரண்டி கியர் எண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி, இரண்டு நாள் ஊறவிட்டு, கிராங்க் நட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்புங்கள். சுற்றினால் கம்பிரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள்: பிளக் எல்லாம் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி, ஆறு சுற்று. 150 பி.எஸ்.ஐ. பக்கம் வந்து, நான்கும் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி. ஒன்று குறைந்தால் அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடி. ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு. ஓடுகிற இஞ்சின் என்றால் சூடேறிய பிறகு ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே 60 தவ் (தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிசாக்கிய சிலிண்டர் துளை என்றால் அடுத்தது லைனர், அதாவது உள்ளே புது உறை போடுவதுதான்.

இனி கணக்கு. அதே எம்ஜிபி நல்ல நிலையில் விற்றால் 100 என்று வைத்துக்கொள்வோம். பெயிண்டோடு தகர வேலை 40, இஞ்சின் 12, குரோம் 8, சீட்டும் ஹூடும் (மடக்கும் துணிக்கூரை) 8, பிரேக், சஸ்பென்ஷன், ரப்பர், ஒயர் 10. கூட்டினால் 78. பிரித்த பிறகு தெரியவரும் கோளாறுக்குக் கால் பங்கு சேர்த்தால் 97.5. செந்தூல் காடிக்கு மிச்சம் 2.5. அதே காடி உடம்பு உறுதியாக, வெறும் பெயிண்ட் வேலை மட்டும் 12 என்று இருந்து, இஞ்சின் செத்தே கிடந்தாலும், செலவு 50, கால் பங்கோடு 62.5, மிச்சம் 37.5. இஞ்சின் நன்றாக இருப்பதால் கூடுவது 15, உடம்பு நன்றாக இருப்பதால் கூடுவது 35. எண்கள் உங்கள் பட்டறைக் கூலிக்கு ஏற்ப மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

குரோமை 8 என்று போட்டதில் ஓர் எச்சரிக்கை. பம்பர் இரும்பு, தேய்த்து மறுபடி முலாம் பூசலாம். கைப்பிடி, விளக்கு வளையம் போன்றவை துத்தநாக வார்ப்பு, அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்தால் செப்பு ஏற்றி நிரப்பியாக வேண்டும், புதுசு வாங்குவதே மலிவு. 1974 கடைசியில் வந்த கருப்பு ரப்பர் பம்பர் காடியை குரோமுக்கு மாற்றி விற்பவர்களும் உண்டு. அந்தக் காடிகள் முந்தியதைவிட 38 மி.மீ. கூடுதல் உயரமாக நிற்கும், பம்பரை மாற்றியவர் சஸ்பென்ஷனை இறக்கினாரா என்று பாருங்கள்.

ஜெலுத்தோங் பட்டறை:

உச்சவரம்பு ஒண்ணும் இருக்கு அண்ணே. 1988லேருந்து எம்ஜிபிக்குப் புது உடம்பே இங்கிலாந்துல அடிச்சு விக்கிறாங்க. தகர வேலைக்குப் பட்டறை சொல்ற தொகை அந்த உடம்பும் கப்பல் கூலியும் வரியும் சேர்ந்ததைத் தாண்டினா, பழசைத் தட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். ஆனா உடம்பை மாத்துறதுக்கு முந்தி ஜே.பி.ஜே.கிட்ட கேட்டுடுங்க, பிரிக்பீல்ட்ஸ்காரர் சொன்ன அதே சேசி எண் பிரச்சினை.

பிரிச்சுப் பெட்டியில போட்ட காடின்னா, பெட்டியை நம்பாதீங்க. கண்ணாடிச் சட்டம் ரெண்டு தூண், ஹூடு கம்பிச் சட்டம், எஸ்யு கார்புரேட்டர் ஜோடி, ஸ்மித்ஸ் மீட்டர் எல்லாம், கதவு ஜன்னல் ரெகுலேட்டர், இதையெல்லாம் தரையில பரப்பி எண்ணுங்க. கியர்பாக்ஸ் வால்ல உருளையா வீங்கியிருந்தா ஓவர்டிரைவ் (நெடுந்தூர ஓட்டத்துக்குக் கூடுதல் கியர்) இருக்கு. அதோட நல்ல ஒயர் சக்கரம் நாலும் இருந்தா, செந்தூல் காடியை 2.5க்கு வாங்கினாலும் பாகமா வித்தே போட்ட காசை எடுத்துடலாம். அந்தக் காடிக்காரர் இப்ப கேக்கிறது 30.